பெரியப்பாவின் உடல்

வரிசையில் நின்றபோது என் வலது கை ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் இருந்தது. டிசம்பர் மாத ஹனோய், காலை நேரம், தூறல். கோயம்புத்தூர்க்காரனுக்கே அது நல்ல குளிர். வெள்ளைச் சீருடையில் நின்ற காவலர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பாக்கெட்டைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். கையை வெளியே எடுத்துவிட்டேன். ஹோ சி மின் கிடத்தப்பட்டிருக்கும் மண்டபத்துக்குள் பாக்கெட்டில் கைவிட்டபடி போகக்கூடாது. தொப்பி, அரைக்கால் சட்டை, பேச்சு, கேமரா எதுவும் கூடாது. நிற்கவும் கூடாது. நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

அலுவலக வேலையாக ஒரு வாரம் போயிருந்தேன். கிடைத்த ஒரே ஓய்வு நாளை இங்கே செலவழித்ததற்கு ஒரு காலண்டர் படம்தான் காரணம். என் பெரியப்பா மில் தொழிலாளி, சங்கத்துக்காரர். அவர் வீட்டு முன்னறையில் முருகன், லட்சுமி எல்லாம் பெரியம்மா பக்கத்துச் சுவரில் இருப்பார்கள். எதிர்ச்சுவரில் பெரியப்பாவின் ஆட்கள்: மார்க்ஸ், லெனின், மெல்லிய வெள்ளைத் தாடியோடு ஹோ சி மின். நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்த மூன்றாமவரை எங்கள் சொந்தக்காரர் என்று நினைத்திருந்தேன். மற்ற இருவரும் வெள்ளைக்காரர்கள். இவர் மட்டும் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மாதிரி ஒடுங்கிய கன்னத்தோடு, யாரையோ "வா, உக்காரு" என்று சொல்லப்போகிறவர் போல இருப்பார்.

அது அப்படியொன்றும் தப்பான நினைப்பு இல்லை என்பதை என்னோடு வந்த ஹனோய் சக ஊழியர்தான் தெரியப்படுத்தினார். உலகம் முழுக்க அவரை 'ஹோ மாமா' என்பார்கள். ஆங்கிலத்திலிருந்து வந்த தவறு அது. வியட்நாமிய மொழியில் அவரை 'பாக் ஹோ' என்கிறார்கள். பாக் என்றால் தாய் மாமன் இல்லை. அப்பாவின் அண்ணன். ஆங்கிலத்தில் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே சொல்தான், அவர்களால் வேறெப்படியும் சொல்ல முடியாது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தமிழில் அவர் பெரியப்பா. வியட்நாமிய மொழியில் 'நான்', 'நீ' என்ற இடத்தில் பெரும்பாலும் உறவுப் பெயர்கள்தான் வருமாம். சின்னவர்களோடு பேசும்போது அவரும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டார், பெரியப்பா என்று.

இந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தலைவரின் உடல் அரசாங்கத்தின் விஷயம். பெரியப்பாவின் உடல் வீட்டின் விஷயம். அவரை என்ன செய்வது என்று யார் தீர்மானிப்பது?

உள்ளே நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு நிமிடம் இருக்கும். வெளியே இருந்ததைவிடக் குளிர், படிகள், மங்கல் வெளிச்சம், கண்ணாடிப் பேழை, சுற்றிலும் அசையாத வீரர்கள். முகத்திலும் கைகளிலும் மட்டும் இளஞ்சிவப்பு வெளிச்சம். மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு வரிசை நகர்கிறது. நான் அவர் கைகளைத்தான் பார்த்தேன். கப்பல் சமையலறையில் உதவியாளாகச் சேர்ந்து 1911இல் சைகோனிலிருந்து கிளம்பிய கைகள். எனக்கு முன்னால் போன வயதான பெண் ஓசையே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார். அவர் கையைத் தூக்கிக் கண்ணைத் துடைக்கலாமா கூடாதா என்று தயங்கியதைப் பார்த்தேன். துடைக்கவில்லை. அவ்வளவுதான், வெளிச்சத்துக்கு வந்துவிட்டோம்.

வெளியிலிருந்து பார்த்தால் அது சாம்பல் நிறக் கல்லில் கட்டிய கனமான சதுரம். மாஸ்கோவில் லெனினுக்குக் கட்டியதை மனதில் வைத்து எழுப்பியது. 1945 செப்டம்பர் 2ஆம் தேதி அவர் விடுதலைப் பிரகடனத்தை வாசித்த அதே பா தின் சதுக்கம். 1973இல் கட்டத் தொடங்கி 1975 ஆகஸ்ட் 29 அன்று திறந்தார்கள். முன்னால் 79 ஈந்துப் பனைகள், அவர் வாழ்ந்த 79 ஆண்டுகளுக்காக. எல்லாம் அளவாக, எல்லாம் மரியாதையாக.

இதில் எதையுமே அவர் கேட்கவில்லை.

ஹோ சி மின் 1965 மே மாதம், தன் எழுபத்தைந்தாவது பிறந்தநாளை ஒட்டி, ஓர் உயில் எழுத ஆரம்பித்தார். முற்றிலும் ரகசியம் என்று மேலே குறித்துவைத்து, அதன்பின் பிறந்தநாள் வரும்போதெல்லாம் எடுத்துத் திருத்தினார். தன்னை எரிக்க வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறார். வட வியட்நாமில் அன்று எரிப்பது வழக்கமே இல்லை. புதைத்து, சில ஆண்டுகள் கழித்துத் தோண்டி, எலும்பைக் கழுவி, சின்னப் பெட்டியில் வைத்து மறுபடி புதைப்பார்கள். இவர் சொன்ன காரணம் மிகச் சாதாரணமானது: எரிப்பது சுகாதாரமானது, விளைநிலமும் வீணாகாது. நாட்டில் மின்சாரம் பெருகிய பிறகு மின்சாரத்தில் எரித்தால் இன்னும் நல்லது என்றும் எழுதியிருக்கிறார். சாம்பலை மூன்று மண்பெட்டிகளில் போட்டு வடக்குக்கு ஒன்று, நடுப்பகுதிக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று. ஏதாவது ஒரு குன்றில் புதைத்தால் போதும். கல்வெட்டு வேண்டாம், சிலை வேண்டாம். வருகிறவர்கள் இளைப்பாற எளிமையான, அகலமான, காற்றோட்டமான ஒரு வீடு கட்டலாம். வருகிறவர் ஆளுக்கொரு மரம் நடட்டும், காலம் போனால் காடாகிவிடும்.

இதை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது. இதில் ஒரு விவசாயி வீட்டுப் பெரியவரின் கணக்கு இருக்கிறது. இந்த நிலம் எவ்வளவு, அந்தக் குன்று எதற்கு உதவும், வருகிறவனுக்கு உட்கார நிழல் உண்டா. செத்த பிறகும் வீட்டுச் செலவைப் பார்க்கும் ஆள்.

1969 செப்டம்பர் 2ஆம் தேதி காலையில் இறந்தார். நாட்டின் விடுதலை நாள் அது. கொண்டாட்டத்தில் துக்கம் கலக்க வேண்டாம் என்று 3ஆம் தேதி இறந்ததாக அறிவித்தார்கள். வெளியிட்ட உயிலில் ஆடம்பரமாகச் சாவு எடுத்து மக்களின் நேரத்தையும் பணத்தையும் வீணாக்க வேண்டாம் என்ற வரி இருந்தது. எரிக்கச் சொன்ன பகுதி இல்லை. வெற்றிக்குப் பிறகு விவசாயிகளுக்கு ஓராண்டு வரியைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்டிருந்ததும் இல்லை. சோவியத் நிபுணர்கள் வந்து உடலைப் பதப்படுத்தினார்கள். போர் முடியும்வரை ஹனோயிலும் மேற்கே பா வீ மலைப்பக்கத்திலும் மாற்றி மாற்றி ஒளித்து வைத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1989இல், கட்சியே முழு உயிலையும் சரியான தேதியையும் வெளியிட்டது.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். 1924 ஜனவரியில் லெனின் இறந்தபோது மாஸ்கோவில் இருந்த இளம் ஹோ, தகுந்த கம்பளி உடை இல்லாமல் அந்த உறைபனியில் வரிசையில் நின்று உடலைப் பார்த்திருக்கிறார். முகமும் விரல்களும் குளிரில் வெந்து திரும்பி வந்ததாக ஓர் இத்தாலியத் தோழர் எழுதியிருக்கிறார். அதே மாதம் லெனினின் மனைவி குரூப்ஸ்காயா, அவருக்கு நினைவுச்சின்னங்கள் எழுப்பாதீர்கள், பள்ளிகளும் குழந்தைக் காப்பகங்களும் கட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். யார் கேட்டார்கள்! மாவோவும் 1956இல் தன்னை எரிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவர்தான். பெய்ஜிங்கில் இன்றும் கண்ணாடிக்குள் இருக்கிறார்.

சக ஊழியரிடம் கேட்டேன், அவர் கேட்டதைச் செய்திருக்கலாமே என்று. அவருக்கு இருபத்தேழு வயது. இந்தக் கேள்வியை எதிர்பார்த்தவர் போலச் சிரித்தார். "எல்லாருக்கும் தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அழுத பெண்மணியைக் காட்டி, "பேச்சைக் கேட்டேன், தெற்கிலிருந்து வந்திருக்கிறார்" என்றார். அதுதான் கட்சி சொன்ன காரணமும். தெற்கு மக்கள் அவரைப் பார்த்ததே இல்லை. வெற்றிக்குப் பிறகு தெற்கே போய் எல்லாரையும் பார்ப்பேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், அது நடக்க ஐந்தரை ஆண்டுகள் இருக்கும்போது போய்விட்டார். ஒருநாள் அவர்கள் வரும்போது பார்க்க ஒரு முகம் வேண்டாமா?

இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட்டுத்தான் ஹனோய் போனேன். அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நடந்த பிறகு அப்படித் தள்ள முடியவில்லை. ஆனால் ஒன்று: தெற்கு மக்களை அவர் மறக்கவில்லையே? அவர்களுக்கென்று ஒரு பெட்டி ஒதுக்கியிருந்தாரே? சாம்பல் அவர்களைத் தேடிப் போயிருக்கும். இப்போது அவர்கள் முகத்தைத் தேடி வருகிறார்கள். இரண்டும் ஒன்றில்லை என்பதும், முகம் என்று ஒன்று இருக்கிறது என்பதும் எனக்கு வேறொரு வீட்டில் தெரிந்தது.

என் பெரியப்பா ரிட்டயர் ஆன பிறகு உடல்தான விண்ணப்பம் ஒன்றை வாங்கி வந்தார். மருத்துவக் கல்லூரிக்கு. சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார். எனக்கு அப்போது இருபத்திரண்டு. "எரிச்சா ரெண்டு கிலோ சாம்பல் கண்ணு. குடுத்தா நாலு பசங்க படிப்பாங்க" என்றார். பெரியம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அவகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ போடு." போட்டேன். ஒரு நகலை என்னிடம் கொடுத்தார். "நீ படிச்சவன், பத்திரமா வெச்சிருப்ப."

எட்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் மாரடைப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது தேர் கட்டிக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் பட்டையாகத் திருநீறு, அவர் வாழ்நாளில் பூசாதது. தாடை கட்டியிருந்தது. பெரியம்மா தலைமாட்டில் உட்கார்ந்து அவர் கன்னத்தையே தடவிக்கொண்டிருந்தார். நகல் என் பையில் இருந்தது. கிளம்பும்போதே எடுத்து வைத்துக்கொண்டுதான் வந்தேன். இந்த விண்ணப்பத்தில் ஒரு விஷயம் உண்டு: இறந்தவர் கையெழுத்துப் போட்டிருந்தாலும், நெருங்கிய உறவினர் மனமொப்பி உடலைக் கொடுத்தால்தான் நடக்கும். யாராவது ஒருவர் பேச்சை எடுக்க வேண்டும். அந்த ஒருவர் நான்.

எடுக்கவில்லை. மதியம் மின்மயானத்தில் எரித்தார்கள். அண்ணன் மொட்டை போட்டுக்கொண்டான். நான் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

செத்தவருக்கு நாம் தீங்கு செய்ய முடியுமா? இதைப் பல வருடமாகத் துழாவிக்கொண்டிருக்கிறேன். எபிகூரஸ் கட்சிக்காரர்கள் சுலபமாக முடித்துவிடுவார்கள்: ஆளே இல்லை, வலியும் இல்லை, யாருக்குத் தீங்கு? சாக்ரடீஸும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். உங்களை எப்படிப் புதைப்பது என்று கிரிட்டோ கேட்டபோது, உங்கள் இஷ்டம், என்னைப் பிடிக்க முடிந்தால் புதையுங்கள் என்று சிரித்தாராம். உடலைச் சாக்ரடீஸ் என்று நினைக்கிறானே என்ற சிரிப்பு. அழகான பதில். ஆனால் அது சாகப்போகிறவர் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் விடுதலை. அவர் கொடுக்கலாம். நாமாகவே எடுத்துக்கொள்ளலாமா? என் பெரியப்பா "உங்க இஷ்டம்" என்று சொல்லவில்லை. ஹோவும் சொல்லவில்லை. இருவரும் இன்னது வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

தலைகீழான ஆள் ஒருவர் உண்டு. ஜெரமி பெந்தாம், இங்கிலாந்துத் தத்துவவாதி. தன் உடலை அறுத்துப் பாடம் நடத்திவிட்டு, எலும்புக்கூட்டுக்குத் தன் உடைகளையே போட்டு உட்காரவைக்க வேண்டும் என்று உயில் எழுதினார். 1832இல் இறந்தார். அப்படியே செய்தார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மெழுகுத் தலையோடு இன்றும் உட்கார்ந்திருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்தாலும் அங்கே ஒரு தவறும் நடக்கவில்லை. பா தின் சதுக்கத்தில் யாரும் சிரிப்பதில்லை, கை பாக்கெட்டில்கூட இருப்பதில்லை. மரியாதை அங்கேதான் அதிகம். கீழ்ப்படிதல் இங்கேதான்.

எனக்குத் தோன்றுவது இது. உயில் என்பது உயிரோடு இருக்கும் ஒருவர் உயிரோடு இருக்கும் இன்னொருவரிடம் வாங்கும் வாக்கு. வாக்கு வாங்கியவர் போய்விட்டார் என்பதால் கொடுத்தவனின் பாரம் இறங்கிவிடாது. கேட்க ஆளில்லாத கடனும் கடன்தான். கேட்க ஆளில்லை என்பதால்தான் அது முழுக்க நம் தலையில் விழுகிறது. அதே நேரம், உடலுக்கு அருகில் உட்கார்ந்து கன்னத்தைத் தடவுகிறவளின் உரிமையை ஒரு காகிதம் முழுசாகத் துடைத்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. நாற்பது வருடம் அந்த உடலுக்குச் சோறு போட்டவள் அவள். இரண்டு நியாயங்களும் மோதும்போது, கேட்டதைச் செய்ய முடியாமல் போகலாம். அதை மன்னிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

மன்னிக்க முடியாதது வேறொன்று. ஹனோயில் 1969இல், "பெரியப்பா இப்படிக் கேட்டார், எங்களால் முடியவில்லை, எங்களுக்கு அவர் முகம் வேண்டும்" என்று மக்களிடம் சொல்லியிருந்தால்? அது மீறல்தான், ஆனால் அவருக்குக் கேட்கும்படி செய்த மீறல். அவர்கள் அந்தப் பத்தியையே எடுத்துவிட்டார்கள். கேட்காதவர் ஆக்கிவிட்டார்கள். பதினான்கு வருடம் அவர் முன்னால் கும்பிட்டுப் போனவர்களுக்கு, இவர் இங்கே இருக்க விரும்பவில்லை என்பது தெரியாது. போர்க்காலம், பிளவு வரக்கூடாது, எல்லாம் சரி. போர் 1975இல் முடிந்தது. 1989 வரை என்ன?

இதைக் கோபத்தோடு எழுதிக்கொண்டு வரும்போதுதான் என் பையும் அதற்குள் இருந்த நகலும் ஞாபகம் வருகிறது. நானும் பத்தியை எடுத்தவன்தான். பெரியம்மா மறுத்திருக்கலாம், சம்மதித்திருக்கலாம். இரண்டுக்கும் நான் இடம் கொடுக்கவில்லை. அவர் மனம் நோகக்கூடாது என்று பேசாமல் இருந்தேன் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குப் பயம். அத்தனை சொந்தக்காரர்களுக்கு நடுவில், "பிணத்த அறுக்கக் குடுக்கச் சொல்றான் பாரு" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

மண்டபத்திலிருந்து வெளியே வந்தால் வழி அவர் வாழ்ந்த இடத்துக்குப் போகிறது. முதலில் மஞ்சள் நிறத்தில் குடியரசுத் தலைவர் மாளிகை, பிரெஞ்சுக்காரர்கள் கவர்னர் ஜெனரலுக்குக் கட்டியது. அதில் வசிக்க மாட்டேன் என்று மறுத்து, முதலில் தோட்டத்தில் எலெக்ட்ரீஷியன் தங்கிய சின்ன வீட்டில் இருந்தார். 1958இல் குளத்தருகே மரத்தூண்கள்மேல் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். மேலே இரண்டு சின்ன அறைகள், கீழே திறந்தவெளியில் மேஜை நாற்காலிகள். குளத்தில் கெண்டை மீன்கள், கைதட்டினால் வருமாம். இங்கே யாரும் வரிசையை விரட்டவில்லை. தெற்கத்திப் பெண்மணி குளக்கரையில் நின்று பையிலிருந்து எதையோ எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். நான் பார்த்ததும் எனக்கும் ஒன்றை நீட்டினார். எள்ளு மிட்டாய் மாதிரி ஒன்று. வாங்கித் தின்றேன். அகலமான, காற்றோட்டமான, வருகிறவர்கள் இளைப்பாறும் வீடு என்று அவர் எழுதியது இந்த மாதிரி ஒன்றைத்தான் என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்ததும் நகலை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். நேரடியாகச் சொல்லத் தைரியம் வராமல் ஹனோய்க் கதையிலிருந்து ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார். மூன்று பெட்டி, குன்று, மரம் எல்லாம் சொன்னேன். பிறகு காகிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"தெரியுங் கண்ணு. பீரோவுல அவரு வெச்சத அன்னிக்கே பாத்துட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை.

"நீ வந்து நின்னப்ப உம்பையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எடுத்துருவியோன்னு. எடுத்தா வேண்டாம்னு என்னால சொல்ல முடியாது, அவரு எழுத்து. நீ டீ வாங்கப் போனியே, அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு."

எதிர்ச்சுவரில் படம் அப்படியே இருந்தது. பெரியப்பா படம் இப்போது அதற்குப் பக்கத்தில், மாலையோடு. பெரியம்மா வெங்காயத் தோலைக் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பெரியவருக்குப் பொண்டாட்டி இல்லியா?"

"இல்லைன்னுதான் சொல்றாங்க பெரியம்மா."

"அப்பறம் அவுங்க எதுக்கு மறைச்சாங்க?"